ஸ்டெப்னியில் மூன்று மெழுகுதிரி, ஒயிட்சாப்பலில் ஒரு சிலுவை

மொத்தம் அரை நாள் பயணம் இது. மலை இல்லை, கடற்கரை இல்லை, டிக்கெட் வாங்கி ஏறும் கோபுரமும் இல்லை. ஈஸ்டர் லீவில் ஒரு சனிக்கிழமை, மிச்சத்தில் இருந்து கிழக்கு லண்டன் ஸ்டெப்னிக்குப் போனோம். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து நிற்கிறார், எங்கே கூட்டிப்போவதென்று தெரியாமல் முழிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். (மிச்சம் என்பது தென் லண்டனில் எங்கள் இடம். ஊரில் எல்லாம் போனபிறகு எங்களுக்கு மிஞ்சியது அது என்று நான் சொல்வதுண்டு. வீட்டில் இந்தப் பகிடிக்குச் சிரிக்க இப்போது ஆள் மிச்சமில்லை.)

வந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. இருவரும் பிரிந்து முப்பத்தைந்து வருடம். சண்டைக் காலத்தில் அவர்களுடைய அம்மா எங்கள் ஊர் குருநகரில் இருந்து ஒன்பது வயதுத் தம்பியை, காசுக்கு ஆட்களை வெளிநாடு கொண்டுபோகும் ஒரு ஏஜென்சிக்காரரோடு கனடாவுக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, பதினான்கு வயது அண்ணனைப் பிரான்சுக்கு அனுப்பினார். ஒன்றாக அனுப்ப வழி கிடைக்கவில்லை. அண்ணன் பிரான்சில் இருந்து பிறகு லண்டன் வந்து சேர்ந்தார். பிறகு ஒருவருக்கு விசா சரிவந்தால் மற்றவருக்கு வேலை சரிவராது. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போன், ஈஸ்டருக்கு ஒரு போன் என்று காலம் ஓடிவிட்டது.

எங்கள் வீட்டில் யார் வாசலைத் தாண்டினாலும் அப்பா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் விடுவார். பால் வாங்கப் போனாலும் சிலுவை. நான் குனிந்து அவர் கைக்குக் கீழால் ஓடிவிடுவேன். சித்தப்பா வந்த மறுநாள், இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்று சமையலறையில் அம்மா சொன்னார்.

“உன்ர சித்தப்பாவும் இப்பிடித்தான் குனிஞ்சு ஓடுறவராம். வெளிக்கிட்ட அண்டைக்கும் ஓடிப்போய் வாகனத்திலை ஏறிட்டார். அப்பம்மாவின்ர விரல் அப்பிடியே நிண்டதாம்.”

“பிறகு?”

“பிறகென்ன, வாகனம் போயிட்டுது. ‘நீ எங்கை எண்டாலும் அவனைக் கண்டால் என்ர பேரிலை போட்டுவிடு’ எண்டு அப்பாட்டைச் சொன்னவ. அவவும் இப்ப இல்லை.”

“அப்ப போட்டுவிட வேண்டியதுதானே?”

“வெக்கப்படுறார். நெத்தி எட்டவும் வேணுமே. அவர் அரை அடி வளந்தெல்லோ நிக்கிறார்.”

வெட்கம் என்பது உண்மை. முதல் நாள் காலை இருவர் தேத்தண்ணியிலும் சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தேன். சித்தப்பா கடைசித் துளிவரை குடித்துவிட்டு “நல்லா இருக்கு” என்றார். அப்பாவும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமாகத் தோற்ற பகிடி வேறில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளிகளாக இருந்தார்கள்.

நான்காம் நாள் சித்தப்பா திரும்புகிறார். இரவு விமானம். அதற்கு முன் அவருக்கு ஸ்டெப்னியில் ஒரு கடமை இருந்தது. கனடாவில் அவரை எடுத்து வளர்த்தவர் ரோஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. சித்தப்பா அவரை ‘மம்’ என்பார். தொண்ணூறு வயது, பயணம் செய்ய முடியாது. தன் அம்மா சிறுமியாக வழிபட்ட கிறிஸ்தவக் கோயிலில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காலை பத்தரைக்கு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் சூட்கேசோடு டிராம் ஏறினோம். விம்பிள்டனுக்குப் பன்னிரண்டு நிமிடம், பெரியவர்களுக்கு ஒரு பவுண்டு எழுபத்தைந்து பென்ஸ்.

“அண்ணை, பின்னேரம் ஷிப்டோ?”

“ஓம். நாலு மணிக்கு. எயார்போட்டுக்கு வர ஏலாது.”

“பரவாயில்லை அண்ணை.”

இவ்வளவுதான் பேச்சு. அப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா சூட்கேசைப் பார்த்தார்.

விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன், ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாற வேண்டும், ஸ்டெப்னி கிரீன் வரை ஏறத்தாழ ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் சித்தப்பா என்னிடம் ரோஸின் அம்மா கதையைச் சொன்னார். சித்தப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயது, அவருடைய தமிழுக்கு இன்னும் ஒன்பது வயதுதான். அதனால் பெரிய துயரத்தையும் சின்னச் சொல்லில்தான் சொன்னார்.

ரோஸின் அம்மா பெயர் எடித். தகப்பன் இல்லை. குளிர்காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், தாய் அவளை ஏழைப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் விட்டாள். வசந்தம் வந்ததும் கூட்டிப்போக வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பிள்ளைகளை ரயிலில் லிவர்பூலுக்கும், அங்கிருந்து கப்பலில் கனடாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஏராளமான பிள்ளைகள் போனார்கள்.

கப்பலில் தோமஸ் என்றொரு பையன். தினமும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வேதப்பாட்டுப் பாடும்போது, எடித் மட்டும் ஒரு வரி முன்னால் ஓடுவாள். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கரையில் இறங்கியதும் ஆளுக்கொரு பண்ணைக்குப் பிரித்தார்கள். தோமஸ் வளர்ந்து இளைஞனானதும், ஆறு நாள் பண்ணை வேலை செய்துவிட்டு ஞாயிறுதோறும் வேறு வேறு ஊர்க் கோயிலுக்கு நடந்தான். கடைசி வாங்கில் உட்கார்ந்து பாட்டைக் கவனித்தான். ஒரு ஞாயிறு, எல்லோருக்கும் ஒரு வரி முன்னால் ஒரு குரல் போனது.

“அந்தக் கோயிலிலைதான் கலியாணம் கட்டினவை,” என்றார் சித்தப்பா. “அவவின்ர அம்மாவைத்தான் கடைசிவரைக்கும் காணேல்லை.”

எதிர் இருக்கையில் இருந்த அப்பா இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை. தம்பியின் நெற்றியைப் பார்த்தார்.

ஸ்டேஷனில் இருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடை. பழைய கல் கட்டடம், சுற்றிலும் கல்லறைகள். வாசலுக்கு மேலே சின்னக் கப்பல் ஒன்று செதுக்கியிருக்கிறது. எடித் அதைத்தான் மகளுக்கு அடையாளமாகச் சொல்லியிருந்தாளாம். சித்தப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

உள்ளே ஒரு மெழுகுதிரி ஒரு பவுண்டு. உண்டியல் இல்லை, கார்டைத் தட்டும் கருவிதான். கடவுளும் கான்டாக்ட்லெஸ் ஆகிவிட்டார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான்கு நாளாக எங்கள் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் தொடாமல் அப்படித்தான் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மா வந்து, யாருக்காக என்று கேட்டார். “என் பூட்டிக்கு,” என்று சித்தப்பா ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா எங்கள் மூன்று முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் தீப்பெட்டியை நீட்டினார். வெறும் கட்டிலைக் கண்ட தாய்க்கு ஒன்று, எடித்துக்கும் தோமசுக்கும் சேர்த்து ஒன்று. அப்பா முன்னே வந்து தன் கார்டைத் தட்டி மூன்றாவதைக் கொளுத்தினார். யாருக்கு என்று சித்தப்பா கேட்கவில்லை. அப்பாவின் கை மெல்ல உயர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா சூட்கேசை எடுக்கத் திரும்பினார். கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

ஸ்டெப்னி கிரீனில் இருந்து ஒயிட்சாப்பல் ஒரு ஸ்டேஷன் தூரம்தான். அங்கே எலிசபெத் லைன், மாறாமல் ஹீத்ரோவுக்கு முக்கால் மணி நேரம். கட்டணம் பதின்மூன்று பவுண்டுக்கு மேல். பிளாட்பார ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து கதவு திறந்தது. சித்தப்பா ஏறி, வாசலிலேயே திரும்பி நின்றார்.

“அப்ப வாறன் அண்ணை.”

“டேய் நில்லு,” என்றார் அப்பா. தம்பியை அவர் டேய் என்றது அந்த நான்கு நாளில் அதுதான் முதல் தடவை. “அம்மா உனக்கு ஒண்டு தந்துவிட்டவ.”

கட்டைவிரலைத் தூக்கினார். எட்டவில்லை. சித்தப்பா குனிந்தார். பழைய விளையாட்டு என்றே நினைத்தேன். ஆனால் அவர் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி அப்படியே நின்றார். அப்பா சிலுவை போடும்போது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்வார். ரயில் கதவுக்கு அந்தப் பொறுமை இல்லை, கத்தத் தொடங்கியது. அப்பா விரலை எடுக்காமல் ஒரு அடி உள்ளே வைத்தார். கதவு மூடியது. நான் மட்டும் வெளியே.

சில நிமிடங்களில் அப்பாவின் போன் வந்தது.

“எயார்போட் வரைக்கும் போறன். வேலைக்குப் போன் எடுத்து நான் வரேல்லை எண்டு சொல்லிவிடு.” பின்னால் சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டது எனக்கும் கேட்டது: “அண்ணை, உங்களுக்கும் உப்புத்தானோ?” உடனே அப்பா என்னிடம், “டேய், தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது நீயோ?” என்றார். சுரங்கத்தில் சிக்னல் போனதால் உயிர் தப்பினேன்.

தனியாக வீடு திரும்பும்போது எடித்தின் தாயைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மகளைக் கண்டால் என் பேரில் போட்டுவிடு என்று சொல்லிவிட அவளுக்கு ஓர் ஆள்கூட இருக்கவில்லை.

போகிறவர்களுக்கு: கோயில் திறக்கும் நேரத்தை முன்னரே பாருங்கள். கார்ட் கொண்டுபோங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம். யாரையாவது வழியனுப்பும் நாளில் ஷிப்ட் எடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை பால் வாங்க வெளிக்கிட்டேன். வாசலில் அப்பா விரலைத் தூக்கினார். நான் ஓடவில்லை. அவர் விரலை நிறுத்தி, உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“என்ன, காய்ச்சலோ?”