ஒரு சரை கறித்தூள்

கடிதம் அன்று பின்னேரத்துக்குள் போயாக வேண்டும். லண்டனில் மச்சானுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையிடத்தில் விசாரணை. என்னுடைய கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கம்பனி மேலிடத்துக்குக் கிடைத்தால்தான் அதைப் பார்ப்பார்களாம். அன்று புதன்கிழமை. மத்தியானச் சனம் கலைந்து, பாரிசில், லா சப்பல் பக்கம் ரூ பிலிப்-து-ஜிராரில் இருக்கிற எங்கள் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கடைசிச் சட்டியும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. வெங்காயம் வெட்டுகிற மேசையைத் துடைத்துவிட்டு மகள் அதில் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். என் கை சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

மச்சான் என்றால் என் தங்கச்சியின் மனுசன். அதற்கு முன்னால் என்னோடு இதே குசினியில், இதே அடுப்பில் எட்டு வருசம் நின்றவர். ஆட்டிறைச்சி கொதிக்கும்போது ஆவியை மோந்தே உப்புக் குறைவா கூடவா என்று சொல்லுவார். தங்கச்சியைக் கட்டிய பிறகும் பழைய பழக்கத்தில் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று எங்களில் கனபேர் போன மாதிரி அவர்களும் லண்டனுக்குப் போனார்கள். அங்கே ஒரு பப்பில் குசினிப் பொறுப்பாளர். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கம்பனி அது. எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே மெனு, ஒரே கோப்பை, ஒரே ருசி. அந்த வேலையில்தான் வீட்டு வாடகை, மூன்று பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

“வேலை போனால் வீட்டையும் விடவேணும் அண்ணை,” என்று முதல் நாள் போனில் சொன்னார். அதைச் சொல்லும்போதும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். தங்கச்சியோ என் போனையே எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். இலையுதிர்காலப் பள்ளிக்கூட லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போயிருந்தேன். “வியாழக்கிழமை எங்கடை பப்பிலை கறி நாள். கட்டாயம் வாங்கோ அண்ணை, நான் வேலையிலைதான் நிப்பன்,” என்று மச்சான் சொன்னார். தங்கச்சியும் பிள்ளைகளும் நாங்களுமாகப் போனோம். கலியாண மண்டபம் அளவு இடம். பூப்போட்ட தரைவிரிப்பு. ஒரு கோப்பிக் கோப்பையோடு கிழவர்கள் மணிக்கணக்காகக் குந்தியிருந்தார்கள், ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. மேசை இலக்கத்தைப் போனில் தட்டினால் சாப்பாடு தேடி வந்தது. கறி, சோறு, நான், அப்பளம், அதோடு குடிக்க ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. அந்த விலைக்கு எங்கள் தெருவில் ஒரு கொத்துரொட்டி வரும், குடிக்கத் தண்ணீர்தான் வரும்.

பொய் சொல்லக்கூடாது. எனக்கு வந்த மீன் பொரியல் நன்றாகத்தான் இருந்தது. மேல்மா மொறுமொறு என்று, உள்ளே மீன் வெள்ளையாய் ஆவி பறக்க, கிழங்கும் சுடச்சுட. ஆனால் நான் சமையல்காரன், அடுத்தவனின் சாப்பாட்டை வாயாரப் புகழ எனக்கு வராது. “ஐசிலை கிடந்த மீன்,” என்றேன். பிறகு தங்கச்சியின் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த கோழிக்கறியில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். சீனி! தக்காளியைப் பாகு காய்ச்சி ஊற்றினது போல ஒரு தித்திப்பு.

“இதைக் கறி எண்டு விக்க இவங்களுக்கு வெக்கமில்லையே? நாயும் தின்னாது!”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை,” என்றாள் தங்கச்சி. அவளுடைய முகம் சுருங்கியதை நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. எழும்பிக் குசினிப் பக்கம் நடந்தேன்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. லா சப்பலில் ஒருவருடைய சொந்தக்காரர் கடை வைத்திருந்தால் அவர் முன்வாசலால் வந்து கதிரையில் இருந்து மெனுக் கேட்பதில்லை. அப்படி இருந்தால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். நேரே குசினிக்குள் வருவார், சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார், உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்து “புளி காணாது” என்பார். அதுதான் உரிமை. நானும் அந்த உரிமையோடுதான் போனேன்.

உள்ளே அடுப்பே இல்லை. சுவரோரம் வரிசையாக மைக்ரோவேவ், ஒரு பக்கம் எண்ணெய்த் தொட்டி, மறுபக்கம் பெரிய குளிர்ப்பெட்டி. மச்சான் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கோப்பையில் ஊற்றி, பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையில் கத்தரிக்கோலைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. கோபமா கவலையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்னைக் கண்டு திடுக்கிட்டார். “அண்ணை, இஞ்சை வரக்கூடாது. வெளியிலை இருங்கோ, நான் வாறன்.”

“நானென்ன பிறத்தியே?” என்று சிரித்தேன். ஒரு மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த பையை எடுக்கக் குளிர்ப்பெட்டிப் பக்கம் திரும்பினார்.

சூட்டு விளக்கின் கீழ் நாலு கோப்பைக் கறி போகத் தயாராக இருந்தது. என் ஜாக்கெட் பையில், காகிதத்தில் மடித்த ஒரு சரை கறித்தூள் இருந்தது. வெளியில் சாப்பிடப் போனால் என் சாப்பாட்டில் தூவ எப்போதும் கொண்டு போவேன். சரையைப் பிரித்து நாலு கோப்பையிலும் தாராளமாகப் போட்டுக் கரண்டியால் கலக்கிவிட்டேன். மூக்குச் சிந்துகிற நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பரிமாறுகிற பெட்டை ஒருத்தி வந்து ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான் திரும்பினார். கோப்பை விளிம்பில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார்.

“என்ன போட்டனீங்கள்?”

“எங்கடை தூள்தான். இப்பதான் கறி மாதிரி மணக்குது.”

“கடுகு போட்டு வறுத்ததோ?”

அவருக்கே தெரியும். எட்டு வருசம் அந்தத் தூளை வறுத்தவர் அவர். கடுகு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடும். அதனால்தான் அந்தக் கம்பனியில் எந்தச் சாப்பாட்டில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள், சனமும் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறது. “ஐயோ அண்ணை,” என்றார். அந்தக் கோப்பை எந்த மேசைக்குப் போனது என்று மட்டும் பார்த்துவிட்டு ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். கடவுளே, அந்த மண்டபம் ஏன் அவ்வளவு நீளம்! ஒரு மூலை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மனுசி கரண்டியில் அள்ளி வாய்க்குக் கிட்டக் கொண்டு போய்விட்டாள். மச்சான் அவளுடைய கையையே பிடித்துவிட்டார். கோப்பை சரிந்து கறி முழுக்கத் தரைவிரிப்பில் கொட்டியது. அவள் வீரிட்டுக் கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பியர் விற்கிற இடத்தில் நின்ற மேலாளரும் பார்த்தார். அந்த மனுசி ஒரு வாயும் சாப்பிடவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மச்சான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து விரிப்பைத் துடைத்தார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

குசினிக் கமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. படம் மட்டும்தான், சத்தம் இல்லை. என்னை அவர் வெளியே போகச் சொன்னது அதில் கேட்காது. நான் சிரிப்பது தெரியும். வெளியாளை உள்ளே விட்டார், சாப்பாட்டில் கை வைக்க விட்டார் என்பதுதான் அவர் மேல் குற்றம்.

அதனால்தான் கடிதம். மகள் இங்கிலீசில் எழுதுவாள், எனக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் இப்படித்தான் நடக்கும்.

“எழுது,” என்றேன். “நான் இருபத்திரண்டு வருச அனுபவமுள்ள சமையல்காரன். உங்கடை கறியிலை ருசி இல்லாதபடியால், உதவி செய்யிற நோக்கத்தோடை...”

மகள் கையை எடுத்துவிட்டாள். “நோன்.” முடியாதாம்.

“என்ன நோன்? உள்ளதைத்தானே சொல்லுறன்?”

அவள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். இது மன்னிப்புக் கடிதமா, விமர்சனமா? நாளைக்கு யாரோ ஒருவன் உங்கள் குசினிக்குள் வந்து, பையிலிருந்து எதையோ எடுத்து உங்கள் சட்டியில் போட்டால் என்ன செய்வீர்கள்?

அகப்பையால் கையை முறிப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் முன்கடைச் சுவரைக் காட்டினாள். எந்தச் சாப்பாட்டில் கடுகு, எதில் எள்ளு, எதில் இறால் என்று பெட்டி பெட்டியாகப் போட்ட பட்டியல் ஒன்று அங்கே தொங்குகிறது. சட்டப்படி வைக்கவேண்டும் என்று அவள்தான் அடித்துத் தந்தவள். மூன்று வருசமாகத் தொங்குகிறது. நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

பிறகு தன்பாட்டில் இரண்டு வரி அடித்து வாசித்தாள். உள்ளே வரவேண்டாம் என்று சொல்லியும் போனேன். என் ஜாக்கெட் பையில் இருந்த பொருளை, பிறர் சாப்பிடும் சாப்பாட்டில், ஒருவரையும் கேட்காமல் போட்டேன்.

“சீ! நஞ்சு வைக்கப் போனவன் மாதிரியெல்லோ கிடக்கு! நான் என்ன கொலைகாரனே? அது கறித்தூள்! கறித்தூளடி!” கத்தின கத்தலில் மேசை மேலிருந்த தட்டு கீழே விழுந்தது.

மகள் கணினியைப் படார் என்று மூடினாள். எழும்பி மேலங்கியைப் போட்டாள். மணி நாலே கால். அவள் போனால் எனக்காக இங்கிலீசில் ஒரு வரி எழுத ஆளில்லை. தடுக்க ரோசம் விடவில்லை. அப்போது என் போனில் மச்சானின் செய்தி வந்தது. ‘கடிதம் போட்டாச்சோ அண்ணை? அவசரமில்லை, உங்கடை நேரம் அஞ்சு மணிக்குள்ளை போட்டால் சரி.’

அவசரமில்லையாம். மனுசனின் வீடு போகப் போகிறது, என்னிடம் அவசரமில்லை என்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

“இரு பிள்ளை,” என்றேன். “நீ அடிச்சது சரி. அப்பிடியே விடு.”

அவள் மேலங்கியோடே இருந்தாள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். அவர் வரவேண்டாம் என்று சொன்னவரா? சொன்னவர். நீங்கள் போட்டதை அவர் பார்த்தவரா? இல்லை, குளிர்ப்பெட்டியைத் திறந்துகொண்டு நின்றவர். கடைசியில், உங்கள் தொழிலை என்ன என்று போட என்று கேட்டாள்.

“சமையல்காரன் எண்டு போடு. விதி தெரிஞ்சவன், தெரிஞ்சும் செய்தவன் எண்டு போடு. பிழை முழுக்க என்ரை.”

அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தாள். அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது கடிதம் போனது.

வெள்ளிக்கிழமை எங்கள் கடையில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். லண்டனில் பத்து மணி என்றால் இங்கே பதினொன்று. பதினொன்றிலிருந்து போனை மேல்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டும் ஆனது, ஒன்றும் ஆனது, சத்தமில்லை. பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன் என்று, பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்து சாப்பிட வந்த ஒரு பெடியன் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோதுதான் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் அவனோடு வாய்த்தர்க்கம் நடந்திருக்கும்.

ஒன்றே முக்காலுக்கு மச்சான் எடுத்தார்.

“வேலை இருக்கு அண்ணை.”

“அப்பாடா! முருகா!” என்று நான் கத்தியதில் முன்கடைச் சனமும் திரும்பிப் பார்த்தது.

“உங்கடை கடிதத்தை வாசிச்சவங்கள். அதாலைதான் நிப்பாட்டாமல் விட்டவங்கள். ஆனால் குசினிப் பொறுப்பு இல்லை. வேறை கிளைக்கு மாத்தியிருக்கு. ரெண்டு பஸ் மாறிப் போகவேணும். பரவாயில்லை.” பிறகு, “உங்கடை தங்கச்சி நிக்கிறா, குடுக்கிறன்,” என்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவளுடைய குரல். நான் ‘தங்கச்சி’ என்று தொடங்க முதலே அவள் தொடங்கிவிட்டாள்.

“அந்தச் சாப்பாடு இனிக்குது எண்டு எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ அண்ணை? எனக்கும் நாக்கு இருக்கு. ஆனால் அஞ்சு பேரும் ஒரு மேசையிலை இருந்து, பிள்ளையள் விரும்பினதைக் கேக்கேக்கை நான் விலையைப் பாக்காமல் இருக்கிறது இந்த ஊரிலை அந்த ஒரு இடத்திலைதான். மாசத்திலை ஒருநாள் போவம். அவர் லீவு எடுத்துக்கொண்டு எங்களோடை வந்து இருப்பார். கூட வேலை செய்யிற பெடியள் வந்து அவரைத் தோளிலை தட்டிக் கதைப்பாங்கள், பிள்ளையளுக்குப் பெருமையாய் இருக்கும். அதைக் காட்டத்தானே அண்டைக்கு உங்களையும் வரச்சொன்னவர்.”

“தெரியாமல் போச்சு தங்கச்சி...”

“நாயும் தின்னாதெண்டு சொன்னீங்கள். பிள்ளையள் பக்கத்திலை இருந்தவை.”

பாரிசுக்கு எல்லாரும் வாங்கோ, நான் சமைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாய் உன்னியது. வெட்கத்தில் சொல்லவில்லை. “இனியும் போகலாந்தானே, உங்களை ஆர் வேண்டாமெண்டு சொல்லப் போகினம்?” என்றேன்.

“எந்த முகத்தோடை? நாளைக்கு அங்கை போறதெண்டு பிள்ளையளுக்கு முதலே சொல்லி வைச்சிருந்தனான். காலமை சின்னவன் கேட்டவன். அந்தக் கடையைப் பூட்டிப்போட்டாங்கள் எண்டு சொல்லிப்போட்டன்.”