எழுதப்படாத செவ்வாய்க்கிழமை

வேலைநிறுத்தம் முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பியது ஒரு புதன்கிழமை. தபாற் கந்தோரின் பின்னறையைத் திறந்தபோது பைகள் சுவரோரம் என் நெஞ்சு மட்டத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அவற்றை அப்படி அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. வேலைநிறுத்தம் தொடங்கிய காலை, இரவு ரயிலில் வந்த பைகளைப் பிரிக்கக்கூடாது என்று சங்கம் சொல்லியிருந்தது. முத்திரையை உடைக்காமல் அடுக்கிவிட்டு, கதவைப் பூட்டி, வாசலில் போய் நின்றோம்.

நான் இருபத்திரண்டு வருடமாக அங்கே கடிதம் தரம்பிரிக்கிறேன். மேசைக்கு முன்னால் ஒரு பெரிய மரத்தட்டு. அதில் சதுரச் சதுரமாக அறைகள், ஒவ்வொரு தபாற்காரருக்கும் ஓர் அறை. கண் முகவரியைப் பார்க்கும், கை போடும். அன்று பதினொரு மணியளவில் மூன்றாவது பையிலிருந்து ஒரு மண்ணிறக் கடிதவுறை வந்தது. அரச பணிக்கென்று அச்சடித்தது. முகவரியில் என் மகளின் பெயர், ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீடு.

என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதி, வெட்டுப்புள்ளியை ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளை. ஆசிரியையாக வேண்டும் என்று கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் அவளுடைய இலக்கம் இருந்தது. திகதி கடிதத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் வெளியே நின்ற ஏழு நாளும் அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, உள்ளுக்கை போய் ஒருக்காப் பாக்க ஏலாதா? நீங்கள் தானே அடுக்கினீங்கள்?"

"ஏலாது மகள். முத்திரை போட்ட பை."

"அப்ப நான் போய்ப் பாக்கவா? நான் சங்கத்தில இல்லைத்தானே."

பகிடியாகத்தான் கேட்டாள். இரண்டு கிழமை அவகாசம் தராமல் யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று நான் அவளுக்குச் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

அந்த மண்ணிறக் கடிதத்தை நான் எங்கள் பகுதித் தபாற்காரரின் அறைக்குள் போட்டேன். அடுத்த கடிதத்தை எடுத்தேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். பிறகு என் கணவர் கேட்டார், தங்கை கேட்டாள், தொலைபேசியில் கல்லூரி எழுதுவினைஞர்கூடக் கேட்டார்: கையில் இருந்த கடிதத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை? வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை எங்களுக்குச் சொல்லித்தருவது, மேசைக்கு வந்த கடிதம் மேசையிலிருந்து யாருடைய கைப்பைக்குள்ளும் போகக்கூடாது, அது உங்கள் சொந்தக் கடிதமாக இருந்தாலும் சரி என்பது. தபாற்காரர் வாசலில் கொடுக்கும்போதுதான் கடிதம் வந்ததாகக் கணக்கு. என் அம்மா இறந்தபோது வந்த அனுதாபக் கடிதங்களை நானே தரம்பிரித்து, அடுத்த நாள் வீட்டு வாசலில் நின்று வாங்கினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு என்ன கடிதம் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்வதும் எங்களில் இல்லாத பழக்கம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். நாளைக்குச் சைக்கிள் மணி கேட்டு அவள் வெளியே ஓடிவருவாள் என்ற நினைப்பில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே புட்டு அவித்தேன்.

குவிந்து கிடந்த தபாலெல்லாம் ஒரேயடியாக வெளியே போனதால் வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு வரத் தபாற்காரருக்கு மதியமாகிவிட்டது. பன்னிரண்டரைக்கு மகளின் அழைப்பு வந்தது. அழவில்லை. வாசித்துக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

"அம்மா, இண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்காம். மட்டக்களப்பில."

கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்தை வாசிக்கச் சொல்லி, கல்லூரிக்கு அழைத்தேன். 

கல்லூரியில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். கடிதம் பிந்தியதற்குத் தபாற் கந்தோரிலிருந்து எழுத்தில் ஆதாரம் கொண்டுவந்தால், இன்னொரு நாள் தருவதைப் பரிசீலிக்கலாம் என்றார். நான் நேரே எங்கள் தபாலதிபரிடம் போனேன்.

"எழுதித் தரலாம்," என்றார் அவர். "ஆனால் சுற்றறிக்கையில வேலைநிறுத்தம் திங்கட்கிழமை பின்னேரம் முடிஞ்சதெண்டு இருக்கு. நான் வேற திகதி போட ஏலாது. திங்கள் முடிஞ்சால் செவ்வாய் பிரிச்சு, புதன் வீட்டுக்கு வந்திருக்க வேணும். கல்லூரியில அப்பிடித்தான் கேப்பினம்."

"சேர், செவ்வாய் கதவு பூட்டித்தானே கிடந்தது?"

"பூட்டிக் கிடந்தது எனக்கும் தெரியும். வரவு இடாப்பில செவ்வாயையும் வேலைநிறுத்தத்தோட சேர்த்துத்தான் விட்டிருக்கிறன். அதைத் தனியாக் காட்டினால், முடிஞ்ச பிறகும் ஏன் வரேல்லையெண்டு எல்லாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். உங்களுக்கும் தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குச் செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். திங்கட்கிழமையே முடிந்திருந்தால், அந்த ஒரு நாள் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை கந்தோருக்குப் பின்னால், சைக்கிள் கொட்டிலில் சங்கத்தின் கிளைக் கூட்டம். கொட்டில் தூணில் ஒட்டியிருந்த வேலைநிறுத்தச் சுவரொட்டியை ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று எட்டி எட்டிக் கடித்துக்கொண்டு நின்றது. யாரும் துரத்தவில்லை. கிளைச் செயலாளர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். முத்திரை விற்கும் கவுண்டரில் வேலை செய்பவர், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. வேலைநிறுத்த நாட்களில் எங்களுக்குத் தேத்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

"அண்ணை, ஏழு நாள் வெயிலுக்கை நிண்டம். என்ன கிடைச்சது?" என்று ஒருவர் தொடங்கினார்.

"அமைச்சில பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டிருக்கினம்."

"அது போன முறையும் ஒத்துக்கொண்டவை தானே."

"கொழும்பில எங்கட சங்கத் தலைவர்மார் மாலை போட்டுப் படம் எடுத்திருக்கினம், போனில பாத்தன்," என்றார் எங்கள் பகுதித் தபாற்காரர். கிண்ணியாவிலிருந்து வருபவர், எதையும் சிரிக்காமல் சொல்லுவார். "மாலையாவது வெண்டிருக்கிறம்."

சிரித்தார்கள். செயலாளரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பதிவுத் தபால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை எழும்பினாள்.

"தொடங்கேக்கை எங்களைக் கை உயர்த்தச் சொன்னீங்கள் அண்ணை. இந்தக் கொட்டிலுக்கை தான். முடிக்கேக்கை ஏன் ஒருத்தரும் எங்களிட்டக் கேக்கேல்லை?"

"என்னட்டையும் கேக்கேல்லை பிள்ளை. கொழும்பிலயிருந்து போனில சொன்னவை, அவ்வளவுதான்."

நான் எழும்பினேன். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அண்ணை, எப்ப போனில சொன்னவை?"

அவர் என்னைப் பார்த்தார். மகளின் விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"திங்கட்கிழமை ஆறரைக்குத் தங்கச்சி."

"எங்களுக்கு நீங்கள் சொன்னது செவ்வாய் பின்னேரம்."

"ஓம்."

கொட்டிலில் சத்தம் கிளம்பியது. அவர் கையைத் தூக்கி மறிக்கவில்லை. அடங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார். "முடிஞ்சுது, வேலைக்குப் போங்கோ எண்டுதான் சொன்னவை. என்ன கிடைச்சதெண்டு கேட்டன். விபரம் பிறகு வரும் எண்டினம். வெறுங்கையோட வந்து உங்கட முகத்தில என்னெண்டு முழிக்கிறது? விடிய ஏதாவது கடதாசி வரும், அதோட சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன். வரேல்லை."

எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் புட்டுப் பானைக்கு முன்னால் நின்ற என்னையும் அதே நேரத்தில் கண்டேன். அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை இந்தக் கந்தோர் திறக்கேல்லை, அதுக்குக் காரணம் இது எண்டு சங்கத்தின்ர கடிதத் தலைப்பில எழுதித் தாங்கோ. என்ர பிள்ளைக்கு அது வேணும்."

 ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவரைப் பிடித்து உலுக்கியவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். பதிவுத் தபால் பிள்ளைதான் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, அப்பிடி எழுதினால் இடாப்பைக் கிளறுவினம். எங்கள் எல்லாருக்கும் வரும். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை அக்கா."

அவளில் எனக்குக் குறையில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

தபாற்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, அந்தக் கடிதம் புதன்கிழமை மேசையில வந்ததா? நீங்கள் கண்டனீங்களா?"

"கண்டனான்."

"என்ர அறைக்கை போட்டனீங்கள்."

"ஓம்."

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கொட்டிலில் ஒருவர்கூட, பிறகேன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்கவில்லை. உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத மனிதர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களும் அறைக்குள்தான் போட்டிருப்பார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது. இனிமேல் வேலைநிறுத்தத்தை முடிப்பதற்கும் கை உயர்த்திக் கேட்கவேண்டும் என்று ஒரு தீர்மானத்தை மட்டும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து நானே ஒரு கடிதம் எழுதினேன். சங்கம், கந்தோர், மற்றவர்கள் என்று எதையும் சொல்லவில்லை. கடிதம் தரம்பிரிப்பவள் நான், செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, புதன்கிழமை பதினொரு மணிக்கு இந்தக் கடிதத்தைக் கண்டேன், தபாற்காரரின் அறைக்குள் போட்டேன், வீட்டில் சொல்லவில்லை, மகளுக்கு அது கிடைத்தது வியாழன் மதியம், பிழை அவளுடையதல்ல. இதனால் எனக்கு விளக்கம் கேட்டு வந்தால் எனக்கு மட்டும் வரட்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்துவிட்டு, புதன்கிழமையைச் சொல்லும் வரியை வெட்டிவிடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினால் கடிதம் எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் தாயின் கடிதம் என்று தெரிந்தும் ஒருவர் அதை நம்ப வேண்டுமென்றால் அந்த வரிதான் காரணமாக இருக்கும் என்று பட்டது. வெட்டவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் செயலாளர் மேசையடிக்கு வந்தார். நானே ஒரு கடிதம் எழுதிவிட்டதாகச் சொன்னேன். "எழுதினதைக் காட்டு தங்கச்சி," என்றார். வாசித்தார். புதன்கிழமை வரிக்கு வந்ததும் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனையை எடுத்து என் கையொப்பத்துக்குக் கீழே எழுதினார்: செவ்வாய்க்கிழமை இவர் வேலைக்கு வராததற்குக் காரணம் நான்தான், வேலைநிறுத்தம் முடிந்த செய்தி என்னிடம் இருந்தது. தன் பெயரைப் போட்டார். பதவியைப் போடவில்லை.

"பதவியை எழுதேல்லையே அண்ணை?"

"அதை நேற்றே விட்டிட்டன். எனக்கும் உனக்கும் மட்டும் வரட்டும்."

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று நான் சொன்னபோது மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"தபாலிலயா அம்மா?"

அடுத்த நாள் காலை பஸ்ஸில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, முடிவைக் கடிதம் மூலம் அறிவிப்போம் என்றார்களாம்.

மூன்று கிழமையின் பின், மகளின் பெயருக்கு அதே மாதிரி இன்னொரு மண்ணிற உறை மேசைக்கு வந்தது. என் கை வழக்கம்போல மரத்தட்டை நோக்கிப் போய் நின்றது. தபாற்காரர் முற்றத்தில் சைக்கிளில் பை கட்டிக்கொண்டிருந்தார். கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். முகவரியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார், மற்றத் தெருக்களை விட்டுவிட்டு நேரே ஓர்ஸ் ஹில் பக்கம் மிதித்தார். நான் மகளை அழைத்தேன்.

"கேற்றடியில நில்."

"ஏன்?"

"நில்லன்."

பதினைந்து நிமிடம் இருவரும் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தோம். மணிச் சத்தம் கேட்டது. உறை கிழியும் சத்தம் கேட்டது. அவள் முதலில் திகதியை வாசித்தாள், பிறகு மற்றதை.

"வாற செவ்வாய் அம்மா. ஒன்பது மணிக்கு."

நானும் அவளோடு போகிறேன். அந்தச் செவ்வாய்க்கு விளக்கம் கேட்கும் கடிதம் எனக்கும் செயலாளராக இருந்தவருக்கும் இன்னும் வரவில்லை. வரலாம். இந்தச் செவ்வாய்க்கான விடுமுறை விண்ணப்பத்தை நேற்றுத் தபாலதிபரின் கையிலேயே கொடுத்துவிட்டு, அவர் கையொப்பமிடும்வரை முன்னால் நின்றேன்.