மூடிய மலைப்பாதையில் பதினொரு கிலோமீற்றர்

என் தங்கை மலைநாட்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. இரண்டு நேரமும் குளிசை போட்டால் ஒரு குறையும் இல்லை. போடாவிட்டால் விழுவாள். அந்தக் குளிசையை மட்டக்களப்பு கிளினிக்கில் எடுத்து, மாதாமாதம் செங்கலடிச் சந்தியில் பஸ் ஏற்றி அனுப்புவது என் வேலை.

மழையில் மண் சரிந்து அவளுடைய தோட்டத்துக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நாலு குளிசைதான் கிடக்கு. அரைவாசி அரைவாசியாப் போடுறன்."

பாதையை மூடிய அடிவாரத்து அரச அலுவலகத்துக்கு அழைத்தேன். பாதை மூடியிருக்கிறது என்றார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டேன். அறிவிப்போம் என்றார்கள். மூன்று நாள் இதே பதில். நாலாம் நாள் நான் படிப்பிக்கும் பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு, நான் தினமும் வேலைக்கு ஓடும் சைக்கிளை பஸ்ஸின் கூரையில் ஏற்றினேன்.

"அங்கால பஸ் போகாது அக்கா. சைக்கிளை வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றார் கொண்டக்டர்.

"ஓடத்தான்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நாற்பத்தாறு வயது. சைக்கிளுக்குக் கியர் கிடையாது. வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுவதுதான்.

அடிவாரத்தில் இரண்டு தார்ப்பீப்பாய்களுக்கு நடுவே ஒரு மூங்கில் தடி. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர்.

"போக வேண்டாம் அம்மா. மண் வரும். ஆபத்து," என்றார்.

குளிசைப் பொதியைக் காட்டினேன். கிளினிக் கொப்பியைக் காட்டினேன். மேலிடத்து உத்தரவு இல்லை என்றார். ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அப்போது கறுப்புக் கண்ணாடி போட்ட ஜீப் ஒன்று வந்தது. அவர் சலூட் அடித்துத் தடியைத் தூக்கினார். ஜீப் மேலே போனது.

"அவங்களுக்கு மண் வராதா?" என்று கேட்டேன்.

தடி இன்னும் உயரத்தில்தான் இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். பொலிஸ்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். பின்னால் வரவில்லை.

முதல் கிலோமீற்றரிலேயே தொடை எரிந்தது. எழுந்து நின்று மிதித்தேன். முன்சில்லு கோணிக்கொண்டு போனது. பிறகு நூறு மிதி மிதிப்பதும் இறங்கி உருட்டுவதுமாகப் போனேன். சில இடங்களில் பாதையின் இடதுபக்கம் இல்லவே இல்லை. தார் பிளந்து, கீழே வெறும் பனிமூட்டம். அந்த இடங்களில் மலைப்பக்கம் ஒட்டி நடந்தேன்.

மூன்றாவது வளைவில் அந்த ஜீப் திரும்பி வந்து, ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடித்தது. கண்ணாடி இறங்கியது.

"அம்மா, இது மூடின பாதை."

"ஓம், தெரியும். நீங்க எங்க போயிட்டு வாறீங்க?"

கண்ணாடி ஏறிவிட்டது.

அவர்கள் எதுவரை போனார்கள் என்பது அடுத்த வளைவில் தெரிந்தது. முதல் சரிவின் முன்னால் சேற்றில் சில்லுத் தடம் வட்டமடித்துத் திரும்பியிருந்தது. அந்தச் சரிவின் குறுக்கே தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியால் ஒற்றையடிப் பாதை வெட்டியிருந்தார்கள். முழங்கால்வரை சேறாய் நின்ற ஒரு பெண் ஓடிவந்து என் பின்சில்லைத் தூக்கினார். நானும் டீச்சர்தான், தங்கைக்கு மருந்து கொண்டு போகிறேன் என்றேன்.

"பிரஷர் மருந்து கொண்டாந்தீங்களா டீச்சர்?"

இல்லை என்றேன்.

"டிஸ்பென்சரி மருந்துப் பெட்டி கீழ ஆபீசுலதான் இருக்குங்க. நாங்க எறங்கிப் போய்க் கேட்டோம். ஆபீசு ஐயா மேல வந்துதான் ஒப்படைக்கணுமாம். ரோடு தொறந்தாத்தான் வருவாராம். இப்ப ஜீப்புல வந்தவங்களும் படம் புடிச்சிட்டுத் திரும்பிட்டாங்க. வூட்டுக்காரருக்கு அஞ்சு நாளா மருந்து இல்ல."

பாதை மூடியிருந்தது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். இவர்கள் இறங்கிப் போயிருக்கிறார்கள், நான் ஏறி வந்திருக்கிறேன், ஜீப் பாதிவழி வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பின்னேரம் தங்கையின் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். புருவத்தில் துணி கட்டியிருந்தாள். முந்தின நாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் விழுந்திருக்கிறாள். நாக்கு கடிபட்டுப் பேச்சு குழறியது. தண்ணீர் ஊற்றிக் குளிசையைக் கையில் வைத்தேன்.

"இதில நீ தனியவா ஏறி வந்தாய்?" என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் என்னோடு இறங்கினார்கள். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஜீப்பில் கண்ணாடி இறக்கியவரேதான். பெட்டியைக் கேட்டதும், ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறது என்றார்.

"கையெழுத்து நான் வைக்கிறன். இவங்களும் வைப்பாங்க. பெட்டி இல்லாமல் இஞ்ச இருந்து எழும்ப மாட்டம்."

மத்தியானம்வரை வாங்குப் பலகையில் சேற்று உடுப்போடு இருந்தோம். கடைசியில் பெட்டி வந்தது. சைக்கிள் கரியரில் கட்டி, ஐந்து பேரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு ஏறினோம்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் கணவருக்குப் பிரஷர் ஏறி, வலது கையும் வாயும் இழுத்துவிட்டிருந்தது. சாக்கில் கம்பு கோத்து, அவரை அதே பாதையால் சுமந்து இறக்கினார்கள். உயிர் தப்பினார். கை இன்னும் வழமைக்குத் திரும்பவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து என் பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. மூடப்பட்ட பாதையில் அனுமதியின்றிப் பிரவேசித்ததற்கு விளக்கம் தரவேண்டுமாம். எழுதினேன்: "என் தங்கைக்கு மருந்து கொண்டு போனேன். நீங்கள் கொண்டு போயிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்."

அதிபர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் பணிவா மாத்தி எழுதுங்க டீச்சர். வீண் பிரச்சினை."

"ஏலா சேர்," என்றேன். அவருடைய பேனையையே வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.