கைப்பிடிக்காரர் வீட்டு ஜன்னல்கள்

என் அக்கா திரைச்சீலை தைப்பவள். அத்தான் ஜன்னல்களுக்குக் கைப்பிடி மாற்றுகிறவர். "அவர் திறக்க வழி பண்ணுவார், நீ மூட வழி பண்ணுவே. நல்ல ஜோடிதான்" என்று அவர்கள் கல்யாணமான புதிதில் நான் கிண்டல் செய்வேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். அத்தான் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம், "திரை தைக்கணும்னா எங்க வீட்ல ஒருத்தி இருக்கா" என்று சொல்லிவிட்டு வருவார். அப்படித்தான் அந்தக் குடும்பம் நடந்தது.

அத்தானுக்குப் பெரிய வேலைகள் பிடிக்காது. வீடு கட்டுகிற இடத்துக்குக் கூப்பிட்டால் போக மாட்டார். ஆடுகிற கைப்பிடி, உடைந்த கைப்பிடி, திருகினால் சும்மா சுற்றுகிற கைப்பிடி, இதெல்லாம்தான் அவர் உலகம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவர் இருக்கும். வாடிக்கையாளர்கள் அவரைக் கைப்பிடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பூட்டு வைத்த கைப்பிடி வாங்கினால் பாக்கெட்டுக்குள் இரண்டு சாவி வரும். வேலை முடிந்ததும் ஒன்றை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். இன்னொன்றை யாரிடமும் சொல்லாமல் அந்த ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில் வைத்துவிட்டு வருவார். சொன்னால் அதையும் எடுத்துத் தொலைத்துவிடுவார்களாம். மாதங்கள் கழித்து, சாவி காணோம் என்று பதறிப்போய் போன் வரும். "பயப்படாதீங்கம்மா. ஜன்னலுக்கு மேல கையை விட்டுத் தடவிப் பாருங்க" என்பார். அந்தப் பக்கம் போடுகிற சந்தோஷக் கூச்சல் சமையலறையில் நிற்கிற அக்காவுக்கே கேட்கும். இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள்தான். அவளே அதை மறந்தாள் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அத்தானுக்கு மறதி வந்தது. முதலில் பஸ் எண்ணை மறந்தார். பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். ஒரு காலைப் பொழுதில் அக்கா காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்?" என்றார். அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் எனக்குப் போன் செய்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையையும் விரித்தார்.

தலை எல்லாவற்றையும் விட்டது, கை மட்டும் ஒன்றையும் விடவில்லை. சொந்த வீட்டையே யாரோ வேலைக்குக் கூப்பிட்ட வீடு என்று நினைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். "தேஞ்சு போச்சும்மா, மாத்தணும்" என்பார். ஸ்க்ரூடிரைவரை அக்கா ஒளித்துவைத்தாள். அவர் சில்லறைக் காசை வைத்தே ஸ்க்ரூவைக் கழற்றினார். கழற்றிய கைப்பிடிகள் அரிசி டப்பாவில், செருப்புக்குள், வாஷிங் மெஷினில் என்று கிடைக்கும். கைப்பிடி இல்லாத ஜன்னல்கள் காற்றில் அடித்துக்கொண்டன.

வீடு நாலாவது மாடியில். ஒருநாள் அத்தான் வெளிப்பக்கக் கீலைப் பார்க்கிறேன் என்று ஜன்னல் திட்டில் ஏறி, பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகன் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"அம்மா, இன்னொரு தடவை அப்பா ஜன்னல்ல ஏறினார்னா ஹோம்ல சேர்த்துடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது."

"ஏறமாட்டார்டா. நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்பே? நீ தூங்கவே மாட்டியா?"

எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்கிற ஆத்திரம். அக்கா மட்டும் அசையவில்லை. எல்லா ஜன்னலுக்கும் பூட்டு வைத்த கைப்பிடி போட்டுவிட்டால் அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். மகன், சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிப் போனான்.

ஹார்டுவேர் கடைக்கு நானும் கூடப் போனேன். ஒரு சுவர் முழுக்கக் கைப்பிடிகள் தொங்கின. வெள்ளை, வெள்ளி, பழுப்பு. வளைந்தது, நேரானது, பட்டன் வைத்தது. கடைக்காரருக்கு அத்தானை நன்றாகத் தெரியும்.

"என்னம்மா, நீங்க வந்திருக்கீங்க? கைப்பிடிக்காரர் வரலையா?"

"வேலையா இருக்கார்" என்றாள் அக்கா. பொய்யும் இல்லை. அந்நேரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காவலில் அவர் குளியலறைக் கதவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அக்கா ஒரு பழுப்புக் கைப்பிடியை எடுத்து, "ஹால் திரைக்கு இது எடுப்பா இருக்கும்ல?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அக்கா, நீ என்ன புடவைக்கா மேட்ச் பார்க்கிறே?"

கடைக்காரர் சிரித்தபடி விவரம் கேட்டார். திருகும்போது ஜன்னலுக்குள் போகிற சதுரக் குச்சி எவ்வளவு நீளம்? இரண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? இடப்பக்கம் திறக்கிறதா, வலப்பக்கமா? அக்கா விழித்தாள். கைப்பிடிக்காரரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மாதிரிக்கு ஒன்றைப் பையில் போட்டு வந்திருந்தாள். அதைப் பார்த்தே கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். அது குளியலறை ஜன்னலுடையது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அவள் கையிலிருந்த பையைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, குச்சியை ஹால் ஜன்னல் ஓட்டையில் விட்டுப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. சுத்தமான, தொழில்காரக் குரலில் சொன்னார்:

"குட்டை. உள்ளே பிடிக்காது, சும்மா சுத்தும். யாரும்மா உங்களுக்கு இதைக் குடுத்தது? மாத்திட்டு வாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. வேகவேகமாகப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ஆள் வைத்து மாட்டுவதாகத்தான் முதலில் திட்டம். இப்போது ஒளித்துவைத்த ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அவரே போடட்டும்டி. எவ்வளவு நாளாச்சு அவரை இப்படிப் பார்த்து" என்றாள்.

அவர் மாட்டினார். பழைய ஓட்டையில் இருந்த மரத்தூசியை ஊதி எடுத்தார். ஸ்க்ரூவை முதலில் லேசாக விட்டு, கைப்பிடியை நேராக்கி, பிறகு இறுக்கினார். திறந்தார், மூடினார், பூட்டினார். தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்று தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலாக அவ்வளவு அழகாகப் பூட்டினார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அக்காவும் பின்னாலேயே வந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் வெளியே வந்தபோது வேலை முடிந்திருந்தது. அத்தான் சாவிகளை ஒரு நூலில் கோத்து அக்காவின் கையில் வைத்தார். ஜன்னலுக்கு ஒன்று. கணக்குச் சரியாக இருந்தது. அக்கா திருப்தியாக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சுக்குங்கம்மா. நான் கிளம்புறேன். வீட்ல அவ காத்துட்டிருப்பா."

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அவள் குரல் உடையவில்லை. "சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள். என்னிடம் கண்ணைக் காட்டினாள். நான் அவரை அழைத்துக்கொண்டு படியிறங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே கூட்டிவந்தேன். மணியடித்தேன். அக்கா கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா?" என்றாள்.

அவருக்கு அவளைத் தெரிந்தது. பெயர் சொல்லியே கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு வீட்ல வேலை. பாவம், அந்தம்மா ரொம்ப அழுதிருக்காங்க போல, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது" என்றார்.

அதற்கப்புறம் தினமும் இந்த நாடகம் நடந்தது. சாயங்காலம் கிளம்புவார், பக்கத்து வீட்டுப் பெண்ணோ நானோ ஒரு சுற்றுக் கூட்டிப் போவோம், அக்கா கதவைத் திறப்பாள். வந்த கொஞ்ச நேரத்துக்கு அவள் அவருக்கு மனைவி. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் மீதி நாள் முழுவதையும் தள்ளினாள். மகன் போன் செய்தால், "ஒரு தொல்லையும் இல்லடா" என்பாள். நானும் நம்ப ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஹால் திரை ஆடியது. பூட்டிய ஜன்னலின் திரை எப்படி ஆடும்? திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அத்தான் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத் திட்டில் உட்கார்ந்து கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. கத்தினால் திரும்புவார், திரும்பினால் போய்விடுவார். நடந்து போய் இடுப்போடு கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். அத்தான் அவளைத் தேற்றினார்.

"பயப்படாதீங்கம்மா. பழகின வேலைதான் எனக்கு."

சாவி கைப்பிடியிலேயே இருந்தது. அக்காவின் கழுத்தில் எல்லாச் சாவிகளும் அப்படியே தொங்கின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்காலியைப் போட்டு ஏறி, மற்ற ஜன்னல்களின் மேல் கையை விட்டுத் தடவினாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாவி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சாவிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனுக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? யாரும் பார்க்கலையே! காதும் காதும் வெச்ச மாதிரி சாவியை எடுத்துட்டா முடிஞ்சுது. நீ ஏன் போன் பண்ணே?"

"நான் பார்த்தேனே" என்றாள்.

மகன் வந்தான். சொன்னபடி பேச்சில்லாமல் எல்லாவற்றையும் முடித்தான். கிளம்பும்போது அவனும் அழுதான். எனக்கு மட்டும் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை.

ஹோம் சுத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல வெளிச்சம். அங்கே ஜன்னல்களுக்குக் கைப்பிடியே கிடையாது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். போன வாரம் அக்காவோடு நானும் போனேன். அத்தான் ஜன்னல் பக்கத்தில் நின்று அந்தத் தகட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தி மேல் விளிம்பைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை.

அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா. கைப்பிடி வாங்கிட்டு வந்தீங்களா?"

"கடையில அந்த அளவு இல்லையாம். அடுத்த வாரம் வந்துடுமாம்."

"சீக்கிரம் பாருங்கம்மா. இத்தனை ஜன்னலும் இப்படியே கிடக்கு. இதை முடிச்சாத்தான் நான் கிளம்ப முடியும்." அவர் வெளியே பார்த்தார். "வீட்ல அவ தனியா காத்துட்டிருப்பா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், பித்தானைப் போட்டுவிட்டாள்.

"இருப்பாங்க" என்றாள். "நீங்க அவசரப்படாதீங்க."