ஜினமதி ஜன்னலோரம் உட்கார்ந்த நாட்கள்

மேடையில் மைக் பிடித்தவர் மூன்றாவது முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டார். ஜினமதி கையில் தயிர்ச்சோற்று உருண்டை இருந்தது.

"வரேன்னு போய்ச் சொல்லுடி. வாயில சோறு இருக்குது."

"கப்பை வாங்கிட்டு வந்து சாப்பிடேன்."

"கப்பு எங்கயும் போவாது. பொழுது போயிடும்."

1985-இல் மெட்ராஸில் நடந்த அரசு ஊழியர்களுக்கான தடகளப் போட்டி அது. வேலூர் தபாலாபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜினமதிக்கு எண்ணூறு மீட்டரில் மூன்றாம் பரிசு. கல்யாணமாகி வெளிநாடு போய், முதல் விடுமுறைக்கு வந்திருந்த நான் அவளைப் பார்க்க ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். கடைசி உருண்டையை விழுங்கி, வாய் கொப்பளித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் சாவகாசமாக மேடைக்கு நடந்தாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சோற்றுக்குப் பின்னால் இருந்த ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் ஆரணியில் ஒரே தெரு, ஒரே வகுப்பு. என் அப்பா அய்யாக்கண்ணு பட்டு நெய்பவர். விடிகாலையில் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாய்கூடக் குறுக்கே வரக் கூடாது. ஜினமதி மட்டும் பாவின் ஓரத்திலேயே, ஒரு இழையும் அசையாமல் ஓடிப் போவாள்.

"இன்னாம்மா, டெய்லி யாரு உன்னத் தொரத்திகினு வராங்க? ஒரு நாளு ஆளக் காட்டேன், நானும் பாக்கறேன்" என்பார் அப்பா.

"நீங்க கூட ஓடி வாங்க மாமா, காட்டறேன்."

தெருக் கோடியில் அவர்கள் வீடு. அவளுடைய அப்பா ஜீவகுமார் நயினார் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருந்தார். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். நயினார் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கிற நேரத்தில், அங்கே பாத்திரம் கழுவிக் கவிழ்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எங்களுக்கு அது விநோதமாகத் தெரிந்ததில்லை. அவர்கள் வழக்கம் அது, அவ்வளவுதான்.

1978-இல் நாங்கள் பத்தாவது படித்தோம். பி.டி. டீச்சராக தனக்கோடி டீச்சர் இருந்தார். ஜினமதியின் காலைப் பார்த்ததும் அவருக்கு வேறு எந்தப் பெண்ணும் கண்ணில் படவில்லை. "ஜனவரியில் திருச்சியில் ஸ்டேட் மீட். அதுல இவ ஜெயிக்கணும்" என்று தீர்மானித்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் கோட்டை மைதானத்தில் பிராக்டிஸ். ஆறரை மணிக்குத்தான் விசில் ஊதி நிறுத்துவார். ஓடத் தெரியாத என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஸ்டாப் வாட்ச் காட்டுகிற நேரத்தைத் தேதி போட்டு எழுதச் சொன்னார்.

நயினார் மகளின் ஓட்டத்தைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"களம்பூர்ல இருந்து கேட்டுகினே இருக்காங்க. ரைஸ் மில் வச்சிருக்கிற நல்ல குடும்பம். நீ திருச்சியில ஜெயிச்சுட்டு வந்தா படி, ஓடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா சித்திரையில கல்யாணம்."

அன்றிலிருந்து அவள் தூங்குவது குறைந்தது. தூக்கத்திலும் கால் உதறிக்கொண்டே இருக்கிறது என்று அவள் அம்மா சந்திரகாந்தா என்னிடம் சொல்லிச் சிரித்தார். வெறும் வயிற்றோடு காலையில் ஆற்று மணலில் ஓட்டம், அப்புறம் பள்ளிக்கூடம், சாயங்காலம் மைதானம். ஜூலையில் பொழுது நீளம். விசில் ஊதியதும் ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய், வெளிச்சம் மங்குவதற்குள் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஐப்பசி பிறந்ததும் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஆனால் விசில் அதே ஆறரைக்குத்தான்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. வீட்டு விலக்கு என்றார்கள். அந்த மூன்று நாளும் பெண்கள் பின்கட்டு அறையில் தனியாக இருப்பது அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, அப்போது எங்கள் தெரு முழுக்க வழக்கம்தான். அந்த அறையின் ஜன்னல் சந்துப் பக்கம் திறக்கும். நான் வீட்டுப் பாடத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன்.

"ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள்.

பண்ணினேன்.

"எனக்கு ஒண்ணும் வரல. சும்மா உக்காந்துனு இருக்கேன்."

"சும்மான்னா?"

"ஜூன் மாசத்தோட நின்னுபோச்சுடி. போன மாசமும் இப்படித்தான் தேதி பாத்து உக்காந்தேன்."

"அம்மாகிட்ட சொல்லு."

"சொன்னா? ஓட்டத்தாலதான் வந்துச்சுன்னு அன்னிக்கே நிறுத்திடுவாங்க. வெளிய தெரிஞ்சா தெருவுல இன்னா பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. "நின்னது மொதல்ல நல்லதாதான் தோணுச்சு. இப்ப பயமா இருக்குது. ஜனவரி வரைக்கும்தான். அப்பறம் சொல்லிடலாம்."

அதன் பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று. அவளுக்குப் பெரிய நோய் ஏதோ வந்துவிட்டது, அது எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் செத்துப்போனால் நான்தான் காரணம் என்று பாயில் புரண்டுகொண்டே யோசிப்பேன். அவளுக்குச் சீவினால் கொத்தாக முடி வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. சளி பிடித்தால் மூன்று வாரம் விடவில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். ஆனால் நோட்டில் நான் எழுதிய நேரம் கூடிக்கொண்டே போனது. டீச்சர், "இன்னா ஜினமதி, ஆமை மாதிரி வர? திருச்சி வேணாமா?" என்று கத்துவார். அவள் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஓடுவாள்.

நவம்பர் கடைசியில், மூன்றாவது சுற்றில், அவள் கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பிறகு சரிந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பி, ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். கூடத்தில் படுக்க வைத்ததும் தனக்கோடி டீச்சர் கோபத்தை அம்மாவின் மேல் திருப்பினார்.

"பொண்ணுக்கு ராத்திரி நல்லா சாப்பாடு போடக் கூடாதுங்களாம்மா? இப்படி ஓடற பொண்ணு!"

"ராத்திரியா? நாங்க ராத்திரியில சாப்பிட மாட்டோங்க."

"அப்ப இவ எப்பத்தான் சாப்பிடுவா?"

"நீங்கதான் கிரவுண்ட்லயே எதாவது குடுப்பீங்கன்னு..." சந்திரகாந்தா அம்மாவின் குரல் தேய்ந்தது. "முட்டை மட்டும் வாங்காதடின்னு சொல்லி அனுப்பினேன்."

"நான் குடுக்கறதே முட்டை ஒண்ணுதானே! பக்கத்துப் பொண்ணுக்கு அதக் குடுத்துட்டு வருவா. வீட்ல போயி வக்கணையா சாப்பிடுவாளாக்கும்னு நானும் விட்டுட்டேன்."

ஜூலையிலிருந்து அரை வயிறு, ஐப்பசி பிறந்த பிறகு ஜினமதி மத்தியானம் தின்ற சோற்றோடுதான் மறுநாள் பகல் வரை ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் பிராக்டிஸ் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்.

நான் சத்தியத்தை மீறியது அப்போதுதான். "இன்னொண்ணும் இருக்குதுங்க" என்று ஆரம்பித்து மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். படுத்திருந்த ஜினமதி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. சந்திரகாந்தா அம்மா உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

மறுநாள் வேலூர் பஸ். அம்மா, டீச்சர், ஜினமதி, அவள் என்னோடு பேசாவிட்டாலும் நான். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது அம்மா மகளின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். "போங்கம்மா!" என்று அவள் அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

வயதான லேடி டாக்டர். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, என் மடியில் இருந்த நோட்டைக் கேட்டார். பயத்தில் அதையும் கையோடு எடுத்து வந்திருந்தேன். பக்கங்களைப் புரட்டினார்.

"இங்க பாரு. நேரம் கூடிகிட்டே வருது. திடீர்னு ஒரு நாள் நாலு வினாடி குறையுது. அடுத்த மாசமும் அதே மாதிரி. இந்த நாள்லாம் என்ன விசேஷம்?"

ஒருவருக்கும் புரியவில்லை. நான் தேதிகளைப் பார்த்தேன்.

"அதுங்கல்லாம் நாலாம் நாளுங்க டாக்டர். மூணு நாள் பொய்யா உக்காந்து எழுந்து வந்த நாளு."

"அந்த மூணு நாள் என்ன பண்ணுவ?" என்று டாக்டர் ஜினமதியைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க. தூங்குவேன். அம்மா பொழுதோட தட்டுல சோறு கொண்டாந்து வைப்பாங்க. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உனக்கு வேண்டிய மருந்தை மாசத்துல மூணு நாள் நீயே சாப்பிட்டிருக்க. நான் என்னத்த புதுசா எழுதறது?" பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "வீட்ல அரிசி குறைஞ்சா மொதல்ல விருந்தாளிங்கள வராதீங்கன்னு சொல்லிடுவோம் இல்லையா? உடம்பும் அதைத்தான் செய்யுது. சாப்பாடு பத்தல, தூக்கம் இல்ல, மனசுல ஓயாத பயம். அதனால உயிர் வாழ அவசரமில்லாத வேலைய நிறுத்தி வச்சிருக்கு. வேற நோய் எதுவும் தெரியல. பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்பிடட்டும், அது நல்ல வழக்கம்தான். ஆனா ஓட்டம் அதுக்கு முன்னாடி முடியணும். காலு எலும்புல கீறல் விழற மாதிரி இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஓடவே கூடாது."

"திருச்சி?" என்றாள் ஜினமதி.

"திருச்சி அங்கயேதான் இருக்கும்" என்றார் தனக்கோடி டீச்சர். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"மறுபடி வருமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"வரும். எப்பன்னு தேதி சொல்ல முடியாது. என்ன பயம்னு கண்டுபிடிச்சு அதை மொதல்ல எடுங்க."

அன்று மாலை நயினார் கடையிலிருந்து வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "களம்பூர்காரங்ககிட்ட இப்ப இன்னா சொல்லப் போறீங்க? ஒடம்பு தேறாத பொண்ண மறைச்சுக் குடுக்கறது நம்ம வழியா?" என்றார்.

நயினார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"களம்பூர்காரங்க தீபாவளிக்கு முன்னாடியே அவங்க பையனுக்கு வேற இடத்துல முடிச்சுட்டாங்க" என்றார்.

"இன்னாது?"

"சொல்லல. பயம் இருந்தா கொஞ்சம் வேகமா ஓடுவாளேன்னு..." என்று இழுத்தார். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத் தேறாத விதையை விற்காமல் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் அம்மா. "அப்பனும் பொண்ணும் ஆளுக்கொரு பொய்ய வச்சுகினு, நடுவுல என்னை விவரம் தெரியாதவளா ஆக்கிட்டீங்க."

கூடத்தில் படுத்திருந்த ஜினமதி சத்தமாகச் சிரித்தாள். அப்படியே அழுதாள். நயினார் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "சித்திரையும் இல்ல, வைகாசியும் இல்லம்மா. நீ படி. ஜெயிச்சாலும் தோத்தாலும் படி" என்றார். அன்றிரவே அவள் என்னோடு பேசினாள். "துரோகி" என்று தொடங்கித்தான் பேசினாள்.

திருச்சிக்கு வேறு ஒரு பெண் போனாள். பிப்ரவரியில் ஜினமதி மெல்ல ஓடத் தொடங்கினாள். ஐந்து மணிக்கு விசில். கால் வலி நின்றது, முடி கொட்டுவது நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. மற்றது மட்டும் வரவில்லை. இப்போது அவள் பொய்யாக உட்காரவில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி தாண்டும்போது வீடே அமைதியாகிவிடும். ஏப்ரலில் பரீட்சை எழுதினோம். ஜூனில் மேல்படிப்புக்காக நான் வேலூர் ஹாஸ்டலுக்குப் போனேன். புறப்படும்போது, "ஒரு வரி எழுதுடி, எதுவா இருந்தாலும்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. கார்டைத் தபால்காரரிலிருந்து வார்டன் வரை எல்லாரும் படிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அன்புள்ள துரோகிக்கு. இன்று காலை முதல் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாக. அம்மா சாமிக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் கடையிலிருந்து நாவல்பழம் வாங்கி அனுப்பியிருக்கிறார். உன் அப்பா பாவைக் கட்டி முடித்துவிட்டு வந்து, இன்னாம்மா இன்னிக்கு ஓடல, தொரத்தறவன் லீவா என்று சந்திலிருந்து கேட்டார். ஆமாம் மாமா, மூன்று நாள் லீவு என்றேன். நீ சாப்பிட்டாயா?"

மெஸ் மணி அடித்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஒன்பது மாதமாக எனக்கும் சோறு சரியாக இறங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த மெஸ் அம்மாளைக் கெஞ்சி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.