ஆறு வீட்டுக்கு ஒன்பது சுவர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். இத்தனை வருஷத்தில் கோபம் குறையவில்லை, பிள்ளைகளைக் கணிக்கிற திறமையும் குறையவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவேன். அந்த நினைப்பில் மண்ணள்ளிப் போட்டவள் பத்து வயதுப் பெண் ஒருத்தி.

ஆறு வீடுகள் ஒட்டிக் கட்டிய லயம் ஒன்றில் அவள் இருந்தாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பிள்ளை சரியான சூட்டிகை. மழை பெய்யும்போது கூரைத் தகரத்தில் சத்தம் முதலில் எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வாள். இந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சையில் இவள் கட்டாயம் எடுப்பாள் என்று ஆசிரியர் அறையில் நான் சவால் விட்டிருந்தேன். எடுத்தால் ஹட்டனில் பெரிய பாடசாலை, விடுதி, விஞ்ஞான ஆய்வுகூடம். எடுக்காவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, ஆசிரியர் வந்தால் பாடம், வராவிட்டால் விளையாட்டு.

பரீட்சைக்கு முன் சில மாதங்கள் பின்னேரத்தில் விசேட வகுப்பு நடத்துவோம். அறை சின்னது, பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம். மூன்று மாதிரி வினாத்தாள்களில் கூடுதலாகப் புள்ளி எடுத்த பன்னிரண்டு பேர்தான் உள்ளே என்பது அதிபரின் சட்டம். திருத்துவதும் பட்டியல் போடுவதும் என் வேலை.

என் சூட்டிகைக்காரி முதல் தாளிலேயே சறுக்கினாள். இரண்டாவதில் இன்னும் கீழே போனாள். மூன்றாவது தாளில் இப்படி ஒரு கேள்வி வந்தது: ‘ஒரு வீட்டுக்கு நான்கு சுவர்கள். அதே போன்ற ஆறு வீடுகளுக்கு எத்தனை சுவர்கள்?’ அவள் ஒன்பது என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்புக்கு முன்னால் அவளை எழுப்பினேன்.

“ஆறு நாலு எவ்வளவு?”

“இருபத்தி நாலு டீச்சர்.”

“அது தெரியுதுல்ல? அப்புறம் என்ன ஒம்பது, பத்துன்னு? கண்ண எங்க வச்சுக்கிட்டு எழுதுன? போய் உக்காரு!”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், போய் உட்கார்ந்தாள். பட்டியலில் அவள் பதினேழாவது. திங்கட்கிழமை அதைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

கெட்ட செய்தியைப் பட்டியல் ஒட்டிச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையில் கொழுந்து பறிக்கிற வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, அவர்கள் லயத்துக்குப் போனேன். அம்மா ஓடி வந்து ஒரேயொரு கதிரையைத் துடைத்து நான் உட்காரப் போட்டார்.

“வாங்க டீச்சர், வாங்க. குளிருல வந்திருக்கீங்க. இருங்க, ஒரு பிளேன்டீ போடுறேன்.”

மகள் மூலையில் நின்று என் கைப்பையையே பார்த்தாள். அதற்குள் அவளுடைய மூன்று தாள்களும் இருந்தன. எப்படிச் சொல்வது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது, அம்மா சீனிப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அது காலி. அவர் வாசலுக்குப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரை முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“அக்கா! கொஞ்சம் சீனி இருக்கா? டீச்சர் வந்திருக்காங்க!”

“வர்றேன் வர்றேன்!” என்று சுவர் பதில் சொன்னது. அரை நிமிஷத்தில் அடுத்த வீட்டுக்காரர் ஒரு கோப்பையோடு வந்து நின்றார்.

நான் அந்தச் சுவரையே பார்த்தேன். இந்தப் பக்கம் இவர்கள் வீட்டுக் காலண்டர் தொங்குகிறது. அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுச் சாமி படம் தொங்கும். சுவர் ஒன்றுதான்.

பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன். லயத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடந்தேன். முன்னால் நீளமாக ஒரு சுவர். பின்னால் நீளமாக ஒரு சுவர். குறுக்கே, இரண்டு ஓரத்துச் சுவரும் சேர்த்து, ஏழு. வாசல் முற்றத்துத் தடுப்புகளை விட்டுவிட்டுத்தான் எண்ணினேன். மொத்தம் ஒன்பது!

வெட்கத்தில் முகம் சுட்டது. ஏனென்றால் நானும் இப்படி ஒரு லயத்தில் பிறந்தவள்தான். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் சுவர் தட்டி வளர்ந்தவள்தான். ஹட்டன் பாதையில் தனி வீடு கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் வீடு என்றால் நாலு சுவர் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. அடி பாவி, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உள்ளே வந்து அவளைப் பிடித்தேன். “ஏன்டி இத அன்னைக்கே சொல்லல?”

“சொல்ல வந்தேன் டீச்சர். நீங்க போய் உக்காருன்னு சொன்னீங்க.”

தாள்களை வெளியே எடுத்து, நான் சிவப்புப் பேனாவால் வெட்டின இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ‘குடை, கூடை, தொப்பி, மழைக்கோட்டு: இவற்றில் பொருந்தாதது எது?’ என்பதற்குக் கூடை என்று எழுத வேண்டும். அவள் குடை என்று எழுதியிருந்தாள்.

“குடை பிடிச்சா ஒரு கை போயிரும்ல டீச்சர்? மத்த மூணையும் மாட்டிக்கிட்டா ரெண்டு கையாலயும் கொழுந்து எடுக்கலாம். அம்மா மழையில அப்படித்தான் போவாங்க.”

சில விடைகள் உண்மையிலேயே பிழை, அவசரத்தில் செய்தவை. ஆனால் பாதிக்கு மேல் இப்படித்தான். இவ்வளவு யோசிக்கிற பிள்ளையை, யோசித்ததற்காகவே பதினேழாவதாகத் தள்ளியிருக்கிறேன். வந்த விஷயத்தைச் சொல்லாமலே, பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கள் காலை, பட்டியலை ஒட்டாமல் கையோடு எடுத்துக்கொண்டு, அதிபரின் அறையில் போய் நின்றேன். நல்ல மனுஷன், பரீட்சைப் பெறுபேறு என்று வந்தால் மட்டும் கல் மனசு. நான் சொன்னதெல்லாம் கேட்டார்.

“டீச்சர், நீங்க சொல்றது ஞாயம்தான். ஆனா பரீட்சைத் தாளத் திருத்துறவரு நம்ம லயத்தப் பாத்தாரா? அவருக்கு இருபத்தி நாலுதான் சரி. ஒம்பது எழுதுற பிள்ளைக்கு எடத்தக் குடுத்துட்டு, ஒழுங்கா எழுதுற பிள்ளைய வெளிய அனுப்பவா?”

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை.

“யாரையும் அனுப்ப வேணாம் சேர். ஒரு கேள்வி கேக்குறேன், நீங்களே சொல்லுங்க. முதுகோட முதுகு ஒட்டிக் கட்டின லயம். அந்தப் பக்கம் ஆறு வீடு, இந்தப் பக்கம் ஆறு வீடு. எத்தனை செவரு?”

அவர் சிரித்தார். “ஆறு வீட்டுக்கு ஒம்பதுன்னா பன்னெண்டுக்குப் பதினெட்டு.”

அவளைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். கண்ணை மூடித் திறந்தாள்.

“பத்து சேர். முதுகுச் செவரு நடுவுல ஒண்ணுதான். குறுக்குச் செவரு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரா ஓடுது. அதனால ஒரு நீட்டுச் செவருதான் கூடும்.”

அதிபர் பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தில் கோடு கிழித்து எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். பிறகு பேனாவை எடுத்து, பன்னிரண்டு பெயருக்குக் கீழே தன் கையாலேயே பதின்மூன்றாவது பெயரை எழுதினார்.

“பெஞ்சி இல்ல. என் கதிரையத் தூக்கிட்டுப் போங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அவள் என் சேலை முந்தானையைப் பிடித்தாள். “டீச்சர், அப்போ பரீட்சையில நான் எந்த வீட்ட நெனைக்கணும்?”

இதைவிட நல்ல கேள்வியை எந்த மாதிரித் தாளிலும் நான் பார்த்ததில்லை. “கேள்வி எழுதினவரு எந்த வீட்டுல இருப்பாருன்னு முதல்ல யோசி. அவருக்கு அவரு வீட்டு விடையக் குடு. உன் விடை உங்கிட்டயே இருக்கட்டும், வெள்ளிக்கிழம எனக்குக் குடு.”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மாதிரித் தாள் கிடையாது. பிள்ளைகள்தான் கேள்வி எழுத வேண்டும், அவர்கள் பார்த்த விஷயத்திலிருந்து. ‘மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும்போது பஸ்ஸில் எந்தப் பக்கம் இருந்தால் நீர்த்தேக்கம் தெரியும், வரும்போது எந்தப் பக்கம்?’ என்று ஒருவன் எழுதினான். பஸ் நெளிந்து நெளிந்து போகிற பாதையாச்சே என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, ஒரு மணி நேரம் சண்டை. ஒரு தகப்பன் வந்து, “பேப்பர் செய்ய வைக்காம வெளையாட விடுறீங்களாமே?” என்றார். “கேள்வி செய்யத் தெரிஞ்ச பிள்ளைக்கு விடை தன்னால வரும், போங்க,” என்று அனுப்பினேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த துண்டில் இப்படி இருந்தது: ‘டீச்சர் வீட்டுக்கு நாலு சுவர். நாலும் டீச்சருடையது. சீனி முடிந்தால் டீச்சர் எந்தச் சுவரைத் தட்டுவார்?’

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் துண்டுக்குப் புள்ளி போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பெறுபேறு வந்த நாள் ஒரு விடுமுறை. என் வீட்டில் போனுக்கு ‘கவரேஜ்’ இல்லை. காலையிலிருந்து ஜன்னலில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். சமைக்க ஓடவில்லை. அவள் எடுக்காவிட்டால் அது அவளுடைய தோல்வி இல்லை, என்னுடையது. அது எனக்கு நன்றாகத் தெரியும். பகல் பதினொரு மணி இருக்கும், குசினி அடுப்புப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. முன்கதவு திறந்துதான் கிடந்தது. சத்தம் கதவில் இல்லை, சுவரில். யாரோ வெளியிலிருந்து கல்லால் தட்டுகிறார்கள்.

“டீச்சர்!” மூச்சு வாங்குகிற குரல். “எடுத்துட்டேன் டீச்சர்! வெட்டுப்புள்ளிக்கு மேல!”

“வர்றேன்டி, வர்றேன்!” என்று சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவள் ஒரு கையில் கல்லும், மற்றக் கையில் ஒரு சீனிப் பொட்டலமும் இருந்தன.