அக்காவின் அந்த வருடத்துப் பத்து கேம்

எங்கள் வீட்டில் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் அக்கா பட்டியல் வாசிப்பாள். அந்த வருடம் அவள் விளையாடிய வீடியோ கேம்களில் மனசுக்குப் பிடித்த பத்து. நாங்கள் இருந்த தெலுங்கு ஊருக்குத் திருநெல்வேலியிலிருந்து மாமா கொடுத்துவிடும் தினசரிக் காலண்டரில் எல்லாத் தாளும் கிழிந்தபின் மிஞ்சும் அட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். முன்பக்கம் முருகன், பின்பக்கம் பேயும் பீரங்கியும். சாமிக் குத்தம் என்று அம்மா முணுமுணுப்பாளே தவிர, அட்டையைப் பிடுங்கியதில்லை.

பட்டியலுக்குச் சட்டம் ஒன்றுதான். அவள் கடைசிவரை ஆடி முடித்த கேமுக்கு மட்டுமே இடம். ஊரே தலையில் வைத்துக் கூத்தாடினாலும் பாதியில் விட்டதற்கு இடமில்லை. இந்த விஷயத்தில் அக்கா மகா கறார்.

எனக்கு ஒன்பது வயதும் அவளுக்குப் பதினாறும் நடந்த வருடம் அது. அதுவரை கம்ப்யூட்டர் பக்கம் போனாலே விரட்டுகிறவள், ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தானாகக் கூப்பிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தாள். திரையின் ஓரத்திலிருந்து யாராவது வந்தால் நான் சொல்ல வேண்டும். "லெஃப்ட்ல ஒருத்தன் வாரான்", "ரைட்ல படி இருக்கு." நேரே இருப்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஓரங்கள்தான் தெரியவில்லை. திரைக்கு வெளியேயும் அப்படித்தான். போர்டில் எழுதுவதைக் கடைசி பெஞ்சிலிருந்தே படித்துவிடுவாள். ஆனால் வீட்டுக்குள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள், தரையில் வைத்த சாம்பார்ச் சட்டியைத் தட்டிவிடுவாள்.

"ஏட்டி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு, எப்போதும் போடுகிற பாட்டையும் பாடுவாள். கம்ப்யூட்டரையே பார்த்தால் கண் அவிந்துபோகும், ஒருநாள் அதைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவேன்.

அந்தப் பரணுக்குத்தான் நாங்கள் பயந்தோம். "அம்மாட்ட சொல்ல நக்கோ, வேண்டாம். சொன்னா கம்ப்யூட்டர் போயிரும்" என்றாள் அக்கா. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்ய எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அக்கா முதல்முறையாக என்னை ஒரு ஆளாக மதித்திருந்தாள். அவள் இடித்துக்கொள்கிற இடங்களில் முன்னாலேயே போய் நாற்காலியை நகர்த்தி வைப்பேன். மாடிப்படியில் கையைக் கோத்துக்கொள்வேன். அக்காளும் தங்கையும் எப்படி ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று அப்பா பூரித்துப்போனார்.

அந்த வருடம் நாங்கள் ஆடியதிலேயே பெரிய கேம் ஒரு இருட்டுக் கோட்டை. சுவர் ஓரமெல்லாம் ஆள் ஒளிந்திருப்பான். மாதக்கணக்கில் செத்துச் செத்துப் பிழைத்து, தீபாவளி லீவில் முடித்தோம். கடைசிக் கதவு திறந்ததும் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். பட்டியலில் முதலிடம் அதற்குத்தான் என்று நான் அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி அக்கா பத்திலிருந்து மேலே வாசித்துக்கொண்டு வந்தாள். ஐந்து போனது, மூன்று போனது, கோட்டை வரவில்லை. முதலிடத்தில் இருந்தது, மேலேயிருந்து விழும் பழங்களைக் கூடையில் பிடிக்கிற ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டு. நடுத்திரையில் நேராக விழும். அவ்வளவுதான்.

"கோட்டை எங்கக்கா?"

"அது நான் முடிச்ச கேம் இல்ல. நீ முடிச்சது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்தியதற்கு இதுதானா! சமையலறைக்கு ஓடி, கோங்கூராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஒரே மூச்சில் போட்டு உடைத்தேன். "அக்காவுக்கு சைடுல ஒண்ணுமே தெரியாதும்மா. நான் சொல்லிச் சொல்லித்தான் ஜெயிச்சா!"

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் கீரைக்கட்டோடு கூடத்துக்கு வந்தாள். அக்காவை நேரே பார்க்கச் சொல்லி, அவள் காதுக்குச் சற்று முன்னால் கீரைக்கட்டை நீட்டினாள். "என் கையில என்ன இருக்கு, சொல்லு." அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அம்மா மறுபக்கம் போய் நீட்டினாள். "இப்ப?" அக்கா காலண்டர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கருகிக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். எப்போதிலிருந்து இப்படி என்று அக்காவிடம் கேட்டார். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அப்போதே வந்திருந்தால் போனதில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்றார். அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பின் இரண்டு மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. ராத்திரிச் சொட்டுமருந்து விடுவது என் வேலை. அவள் தலையைச் சாய்ப்பாள், நான் விடுவேன். ஒருநாள் தாங்க முடியாமல், "அம்மாட்ட சொன்னது தப்புதான்க்கா, இனிமே சொல்லமாட்டேன்" என்று அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

சத்தியத்தை மீறியதற்காகத்தான் அத்தனை அழுகையும். வாயை மூடிக்கொண்டிருந்த எட்டு மாதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த எட்டு மாதமும் அக்காவுக்கு உதவி செய்துகொண்டிருந்ததாகவே நினைத்திருந்தேன்.